கிணற்றுக் கல் போன உயரம்

அந்தப் பங்குனியில் நான் ரொம்பச் சோர்ந்து போயிருந்தேன். இதை எழுதும்போது எட்டிப் பார்த்த என் மனைவி, "எந்தப் பங்குனியில நீங்க சோராம இருந்தீங்க?" என்கிறாள். நியாயமான கேள்வி. செஞ்சியில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியாராக நான் இருந்த அறுபதுகளில், என் உடம்பில் சுறுசுறுப்பாக வேலை செய்த ஒரே உறுப்பு கொட்டாவி விடும் வாய். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுக் கிழக்குப் பார்த்து நடந்தால் என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு போகும். அது முதலில் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்து வைக்கப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். போய்ப் பார்த்தால் பாய் சுருட்டியபடியே இருக்கும். அதன் மேல் மாதிரித் தேர்வு விடைத்தாள் கட்டு இருக்கும்.

வீடு ஊர்க் கோடியில். ஓட்டு வீட்டின் கடைசிப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரருக்குப் பின்பக்கம் நிலம். அதை ஒட்டி அவர் தம்பியின் நிலம். இரண்டு நிலத்துக்கும் நடுவில் பங்குக் கிணறு ஒன்று. ஒரு நாள் அண்ணன் மாடு பூட்டி இறைக்க வேண்டும், மறுநாள் தம்பி. அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும்தான் தெருவே சொல்லும். இருவருக்கும் பேச்சு கிடையாது. ஏன் நின்றது என்று இருவரிடமும் தனித்தனியாக விசாரித்திருக்கிறேன். ஒருவர் ஒரு கல்யாணப் பந்தியைச் சொன்னார், இன்னொருவர் ஒரு முள்வேலியைச் சொன்னார். நிற்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பேச்சில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தமில்லை. நடுவில் ஓர் ஆள் நின்றால் போதும், தாராளமாகப் பேசுவார்கள். மூன்றடி தள்ளி நிற்கும் தம்பிக்குக் கேட்கும்படியே பெரியவர் என்னிடம், "வாத்தியாரே, வரப்புல மாட்டை விடவேணாம்னு அவங்கிட்ட சொல்லுங்க" என்பார். சின்னவர் என்னிடம், "கயிறு அறுந்துபோச்சின்னு சொல்லுங்க வாத்தியாரே" என்பார். நான் இரண்டையும் ஒரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை. வகுப்பில் ஒரே பாடத்தை மூன்று பிரிவுக்குச் சொல்லிவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் இதே உத்தியோகம்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் பாறை தெரிந்தது. பெரியவருக்கு அவசரமில்லை. அவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலையைப் பிடுங்கியாகிவிட்டது. சின்னவர்தான் துணிந்து நவரை நெல் போட்டிருந்தார். பயிர் இடுப்பளவு வளர்ந்து, கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் தரை வெடித்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் தண்ணீர் கட்டாவிட்டால் எல்லாம் பதர். அந்த நெல்லை நம்பித்தான் அவர் வீட்டில் அடுத்த வருஷம் உலை வைக்க வேண்டும். பாறையை வெடி வைத்து இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினால் ஊற்று கிடைக்கும் என்று கிணறு வெட்டுகிற மேஸ்திரி சொல்லியிருந்தார்.

ஒரு வெடி வைக்கவும் செய்தார்கள். சிவப்புத் துணியை ஆட்டி, "வெடி, வெடி" என்று கத்தி, ஆடு மாடு மனிதர் எல்லாரையும் விரட்டிவிட்டுத் திரியைப் பற்ற வைத்தார்கள். அதில் கிளம்பிய ஒரு கல் எங்கள் பக்கத்து ஓட்டைப் பொத்துக்கொண்டு வந்து, நான் திருத்தி முடித்த விடைத்தாள் கட்டின் மேல் உட்கார்ந்தது. பக்கத்திலேயே திருத்தாத கட்டு இருந்தது. கல்லுக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை.

அதோடு பெரியவர் வெடிக்குத் தடை போட்டுவிட்டார். பங்குக் கிணறு, அவர் சம்மதம் இல்லாமல் உளி வைக்க முடியாது. மேஸ்திரி பாதி வெடிமருந்து வைத்து வெடிப்பதாகச் சொல்லிப் பார்த்தார். பாதி மருந்துக்குக் கல் எவ்வளவு உயரம் போகும், வீட்டுக்கு வருமா வராதா என்று பெரியவர் கேட்டார். அதெல்லாம் கல்லுக்குத்தான் தெரியும் என்றார் மேஸ்திரி. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இல்லாட்டி வாத்தியாருக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினார். அவர் தப்பிக்கத்தான் சொன்னார். நான் மாட்டிக்கொண்டேன்.

ஏனென்றால் அதே வாரம் பதினோராம் வகுப்பில் அந்தக் கணக்கைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். மேலே எறிந்த கல் எவ்வளவு உயரம் போகும் என்ற கணக்கு. புதுப் பாடப்புத்தகத்தில் மீட்டர் வந்துவிட்டது. ஆனால் செஞ்சியில் கல் அப்போதும் அடிக்கணக்கில்தான் பறந்துகொண்டிருந்தது, அதனால் நானும் அடியிலேயே நடத்தினேன். கல் கிளம்பும் வேகத்தை நேரத்தால் பெருக்கு, அதிலிருந்து நேரத்தின் வர்க்கத்தைப் போலப் பதினாறு மடங்கைக் கழி, வருவது உயரம். உயரம் பூஜ்யம் என்று போட்டால் இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு விடை வரும். ஒன்று கல் கிளம்பும் நேரம், இன்னொன்று திரும்பி விழும் நேரம். உச்சி இரண்டுக்கும் சரியாக நடுவில் இருக்கும். ஆக, கல் எத்தனை வினாடி ஆகாயத்தில் இருந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும். அதன் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் உச்சியின் உயரம், அடியில். கல் சாய்ந்து போனாலும் இது மாறாது.

பெரியவரின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருந்தது. கிணறு ஆழமானது, அகலம் குறைவு. அதற்குள்ளிருந்து கல் படுத்த வாக்கில் பறக்க முடியாது, சுவர் தடுக்கும். ஆழத்தையும் அகலத்தையும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு உயரம் போகிறதோ அதைப்போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல்தான் பக்கவாட்டில் போகும். கிணற்றுக்கும் எங்கள் சுவருக்கும் கயிறு பிடித்து அளந்தோம், இருநூறு அடி.

இதைச் சொன்னதும் பெரியவர், "சரி. பாதி மருந்துல ஒரு வெடி வைக்கட்டும். வாத்தியார் உயரம் சொல்லட்டும். வூட்டுக்கு வராதுன்னு அவரு சொன்னா நான் ஒத்துக்கிறேன்னு அவங்கிட்ட சொல்லுங்க வாத்தியாரே" என்றார். என்னைப் பற்றி என்னிடமே சொல்லி, அதை நானே எடுத்துப் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு எனக்கு ஏழு பீரியடு. கிணற்றங்கரைக்கு நான் நடந்து போனேனா, யாராவது தூக்கிப் போனார்களா என்று நினைவில்லை.

என்னிடம் இருந்தது ஒரே கைக்கடிகாரம், மாமனார் போட்டது. வினாடி முள்ளைப் பார்த்தால் கல்லைப் பார்க்க முடியாது. கல்லைப் பார்த்தால் முள்ளைப் பார்க்க முடியாது. கல் கிளம்புவது சத்தத்தில் தெரிந்துவிடும். விழுவதை யாராவது சொல்ல வேண்டும். அதைப் பார்க்க இருவருமே முன்வந்தார்கள். ஒருவர் மட்டும் பார்த்தால் இன்னொருவர் ஒப்ப மாட்டார். ஆகவே இருவரையுமே பார்க்கச் சொன்னேன். கணக்கு வாத்தியாருக்கு மனுஷ புத்தி எவ்வளவு என்பதற்கு இது ஒன்று போதும்.

வெடித்தது. முள் ஐந்தாவது வினாடியைத் தொட்டதும் சின்னவர், "வுழுந்துடுச்சி வாத்தியாரே" என்றார். நான் தலை தூக்கவில்லை. முள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது வினாடியில் பெரியவர் நிதானமாக, "இப்பத்தான் வுழுந்துச்சி வாத்தியாரே" என்றார்.

கிணற்றங்கரையிலேயே உட்கார்ந்து குச்சியால் மண்ணில் போட்டேன். தம்பியின் ஐந்து வினாடிக்கு உயரம் நூறு அடி. பக்கவாட்டில் நூற்று முப்பது, வீட்டுக்கு வராது. அண்ணனின் ஒன்பது வினாடிக்கு உயரம் முந்நூற்று இருபத்து நாலு அடி. பக்கவாட்டில் நானூறைத் தாண்டும், எங்கள் வீட்டைத் தாண்டி எதிர் வீட்டுக்கே போய் விசாரிக்கும்.

நடுவாக எடுக்கலாம் என்று பார்த்தேன். எதை நடுவாக எடுப்பது? நேரத்தைச் சராசரி எடுத்தால் ஏழு வினாடி, உயரம் நூற்றுத் தொண்ணூற்றாறு அடி. உயரத்தைச் சராசரி எடுத்தால் இருநூற்றுப் பன்னிரண்டு. அதே இரண்டு பொய்க்கு இரண்டு நடு. வர்க்கம் போடும்போது பெரிய பொய் இன்னும் பெரிதாகிவிடுகிறது, சின்னப் பொய் பாவம் மெலிந்து போகிறது. இத்தனை வருஷம் நடத்தியும் எனக்கு இது தோன்றியதில்லை. எப்படிப் பார்த்தாலும் பக்கவாட்டில் இருநூற்றைம்பதாவது வரும், அண்ணன் பக்கம்தான் தீர்ப்புப் போனது. கல் வீட்டுக்கு வரும், வெடி கூடாது, நெல் போச்சு.

சின்னவர் மண்ணில் நான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வர்க்கம் தெரியாது. என் முகம் தெரியும். அஞ்சுதான் ஆச்சு, சாமி சத்தியம் என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு இன்னொரு வெடி வெச்சிப் பாக்கலாம் வாத்தியாரே என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பெரியவரிடம் திருப்பிச் சொன்னேன். அவருக்கும் மறுக்க மனமில்லை. இந்தத் தடவை கிட்டத்தில் நின்று நன்றாகப் பார்ப்பதாகச் சொல்லச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் நான் இருந்த நிலையில், கல் திரும்பி வராமலே போனால்கூட எனக்குச் சம்மதம். வெயில் இறங்கிக் கோட்டைமலைப் பக்கம் போயிருந்தது. பெரியவர் சொன்னபடி வரப்பு மேல் முன்னால் வந்து, மேற்கே பார்த்து, கண்ணுக்குக் கையை மறைத்துக்கொண்டு நின்றார். சின்னவர் எனக்கு அந்தப் பக்கம். நான் நடுவில், கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தபடி.

வெடித்தது. அடுத்த நொடியே சின்னவர் குரல் மாறிவிட்டது.

"வாத்தியாரே, அவுரை நவுரச் சொல்லுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். தேங்காய் அளவு ஒரு கல், பெரியவர் நிற்கும் பக்கமாகச் சாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது. வெயில் கண்ணில் அடித்ததால் அவருக்கு அது தெரியவில்லை.

"நவுருங்க" என்றேன்.

"எந்தப் பக்கம்னு அவனைக் கேளுங்க."

"எந்தப் பக்கம்?"

"மேக்கால... வாணாம், கெழக்காலன்னு சொல்லுங்க."

"கெழக்கால."

பெரியவர் கிழக்கே இரண்டு எட்டு வைத்தார். அவர் நின்ற வரப்பில் கல் இறங்கிப் பாதி புதைந்தது.

தலை போகிற நேரத்திலும் அந்த இரண்டு பேரும் முறை தவறாமல் என் வழியாகவே பேசி முடித்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்தது வேறு. நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

பெரியவர் முதலில் நெற்றியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எத்தினி வினாடி வாத்தியாரே?" என்றார். ராத்திரி கணக்குப் போட்டுக் காலையில் சொல்கிறேன் என்று வாத்தியார்கள் வழக்கமாகத் தப்பிக்கும் வழியில் தப்பித்து வந்துவிட்டேன்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். யார் என்ன சொன்னார்கள், அதற்கு யார் என்ன சொன்னார்கள் என்று அவள் இரண்டாவது தடவை கேட்டாள். சொல்லும்போதே சோற்றில் கை நின்றுவிட்டது. வெடித்த சத்தத்திலிருந்து கல் விழும் வரை அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு வினாடி தெரியாது. பேச்சு அப்படியே மனப்பாடம். அதை விட முக்கியம், அந்தப் பேச்சில் இரண்டு பேருக்கும் பொய் சொல்ல ஞாபகம் வரவில்லை.

கடிகாரத்தை அவளிடம் கொடுத்து, அவளைப் பெரியவராக நிற்கச் சொன்னேன். நான் வெடியும் சின்னவரும் நானுமாக இருந்தேன். முதல் தடவை நான் டமால் என்றதும் அவள் சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவை, எந்தப் பக்கம்னு கேட்க வேண்டிய இடத்தில் சட்டென்று விலகி நின்றாள். கேட்டால், கல் வரும்போது எவளாவது நின்று கேட்பாளா என்றாள். அப்புறம் ஒழுங்காகச் செய்தோம். திரும்பத் திரும்பச் செய்தோம், பக்கத்துப் பகுதியில் இருமல் சத்தம் கேட்கும் வரை. ஒவ்வொரு தடவையும் ஆறு வினாடிதான் வந்தது. முள் ஒரு மயிரிழை முன்னே பின்னே நின்றது, அவ்வளவே.

ஆறின் வர்க்கம் முப்பத்தாறு. நாலால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நாலு அடி. அதுதான் உச்சி. பக்கவாட்டில் அதிகம் போனால் நூற்றுத் தொண்ணூறு. வீடு இருநூறில்.

"அப்ப பத்தடி மிச்சம்" என்றாள் மனைவி.

"பத்தடி."

"அந்தப் பத்தடிக்கு இந்தாண்ட இருக்கிறது நாமதானே?"

ஆமாம் என்றேன். அவள் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு பேரும் சண்டை போடுவதை வைத்து உயரம் கண்டுபிடித்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்றாள். பாராட்டு மாதிரி இருந்தது. அசதியில் அப்படியே எடுத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

காலையில் இருவரையும் வைத்துக்கொண்டு ஆறு வினாடி என்று சொன்னேன். எப்படி எடுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் பேசியதை அவர்களிடமே பேசிக் காட்டினேன். சின்னவர் தரையைப் பார்த்தார். பெரியவர் மேலே பார்த்தார், அங்கே இன்னும் கல் இருப்பது போல.

பெரியவர்தான் கேட்டார். "பத்தடிதான் மிச்சம்னா, கணக்கு கொஞ்சம் தப்புனா?"

"எங்க பக்கத்து ஓடு போவும்."

"உள்ள நீங்க இருப்பீங்களா?"

இருப்பேன் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வகுப்பில் ஒரு கணக்குக்காவது நான் கூரைக்கடியில் உட்கார்ந்து காட்டியதில்லை. பெரியவர் தலையை ஆட்டினார். வெடி வைக்கச் சொல்லலாம் என்று அவன்கிட்ட சொல்லுங்க என்றார். சொன்னேன். சின்னவர் மேஸ்திரியைத் தேடி ஓடியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பாதி மருந்து, பாதி மருந்தாக வைத்தார்கள். வாக்குக் கொடுத்தபடி நான் உள்ளே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் பேனா ஒரு தடவை நின்றது. அன்று திருத்திய தாள்களில் மதிப்பெண் சற்றுத் தாராளமாக விழுந்திருக்கும். உயிர் பயத்தில் இருக்கிறவன் பிறத்தியார் விடையில் அவ்வளவு குற்றம் கண்டுபிடிப்பதில்லை.

என் மனைவிக்கு என் கணக்கில் நம்பிக்கை உண்டு, ஆனால் பானைகளைப் பணயம் வைக்கிற அளவுக்கு இல்லை. சமையற்கட்டிலிருந்த மண்பானை, சட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலில் முருங்கை மரத்தடியில் பத்திரமாக வைத்திருந்தாள். மத்தியானம் ஒரு வெடிக்கு, கூரைக்கு மேல் இல்லாமல், பின்வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். ஓட்டில் கீறல் இல்லை. சுவருக்குச் சரியாகப் பத்தடி தள்ளி, முருங்கை மரத்தடியில் கல் கிடந்தது. ஒரு பானை மட்டும் மிஞ்சியிருந்தது.

அவள் ஓடுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கணக்கு சரியா வந்துடுச்சி" என்றாள்.

சாயங்காலம் பாறையின் அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது என்று மேஸ்திரி கீழேயிருந்து குரல் கொடுத்தார். பெரிய ஊற்றில்லை. ராத்திரி முழுக்க ஊறி விடியற்காலையில் இடுப்பளவு நின்றது. ஒரே ஒரு இறைப்புக்குக் காணும். அன்றைக்கு இறைக்கிற முறை பெரியவருடையது.

நான் போனபோது இருவரும் கிணற்றின் எதிரெதிர்க் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவர் கேட்கவில்லை. முறை என்றால் முறை. மீறிக் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. ராத்திரி அவர் தூங்காதது கண்ணில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் நெல் சாம்பல் பூத்த பச்சையில் அசையாமல் நின்றது. அன்றைக்கு ஒரு நாள் தாண்டினால் அப்புறம் தண்ணீர் கட்டுவதும் ஒன்றுதான், கட்டாததும் ஒன்றுதான்.

என்னைப் பார்த்ததும் இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி. தபால்காரன் வந்துவிட்டான் என்பது போல.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாத்தியாரே, எங்கிட்ட நட்டு வெச்சது ஒண்ணும் இல்ல. எனக்கு இன்னிக்கித் தண்ணி வாணாம். அவனையே எறைச்சிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் திரும்பினேன், சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எதிர்க்கரையில் யாரும் இல்லை. சின்னவர் அதற்குள் மாட்டைப் பூட்டப் போயிருந்தார்.